ஜெனிவா எங்கே, கனகராயன்குளம் எங்கே? ஊரில் இருந்து உலக விஷயம் கதைப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையின் வன்னியில், கிளிநொச்சி, முல்லைத்தீவு, கனகராயன்குளம் இருக்கிற வவுனியா வடக்குப் பக்கம் நாங்கள் நாலைந்து பேர் ஊர் ஊராகப் போய் ஒரு வேலை செய்து வருகிறோம். ஐ.நா., உலக வங்கி, சர்வதேச நாணய நிதியம், காலநிலை ஒப்பந்தம் என்று செய்தியில் ஓடுகிற விஷயங்களை எடுத்து, மாமரத்துக்குக் கீழேயோ பொதுநோக்கு மண்டபத்திலோ இருந்து சனத்தோடு கதைப்பது, சனம் சொல்வதை எழுதி உரிய இடத்துக்கு அனுப்புவது, பதில் வந்தால் கொண்டுவந்து வாசிப்பது. அவ்வளவுதான். நிறுவனம் கிடையாது, பதாகையும் கிடையாது. போகிற இடமெல்லாம் ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வருவதால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். சிலதுக்கு நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, சிலதுக்கு இரண்டு வரி போதும்.

உலக ஆட்சி என்றால் உலகத்துக்கே ஒரு அரசாங்கமா?

இல்லை. அப்படி ஒன்று கிடையாது, வருகிற மாதிரியும் தெரியவில்லை. இருப்பது நாடுகள் கூடி எழுதிய உடன்படிக்கைகள், நாடுகள் காசு போட்டு நடத்துகிற வங்கிகளும் நிதியங்களும், அப்புறம் எழுதியதை யார் மதிக்கிறார்கள் யார் மதிக்கவில்லை என்று பார்க்கிற குழுக்கள். ஐ.நா.வில் 193 நாடுகள் இருக்கின்றன, இலங்கை 1955 டிசம்பரில் சேர்ந்தது. ஒரு பெரிய குளம், அதற்குக் கீழே பத்து வாய்க்கால், எந்த வாய்க்காலுக்கு எப்போது தண்ணீர் என்று ஓர் ஏற்பாடு. அப்படி நினைத்துக்கொண்டால் பாதி விளங்கிவிடும். ஏற்பாடு நேர்மையாக நடக்கிறதா என்பது வேறு கதை. தலைமாட்டுக் காணிக்காரனுக்கு எப்போதும் கொஞ்சம் கூடத்தான் பாயும். நாணய நிதியத்தில் முக்கியமான முடிவுகளுக்கு 85 வீத வாக்கு வேண்டும், அமெரிக்காவிடம் மட்டும் 16 வீதத்துக்கு மேல் இருக்கிறது, ஆகவே அது தலையாட்டாமல் அப்படியான முடிவு ஒன்றும் அங்கே நகராது. இலங்கைக்கு நிறைவேற்றுச் சபையில் தனி நாற்காலிகூட இல்லை. இந்தியா, வங்காளதேசம், பூட்டானோடு சேர்ந்து ஒரே நாற்காலி.

ஐ.நா. சாசனம் "ஐக்கிய நாடுகளின் மக்களாகிய நாம்" என்றுதான் தொடங்குகிறது. மக்கள் முதல் வரியோடு சரி, மிச்சம் முழுக்க அரசுகள்.

அதுக்கும் எங்களுக்கும் என்ன தொடர்பு?

முகமாலையில் இருந்து தொடங்குவோம். ஏ9 வீதியில் போகும்போது மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகைகளைப் பார்த்திருப்பீர்கள். வெயிலில் முழங்காலில் இருந்து மண்ணைச் சுரண்டி மிதிவெடி எடுக்கிற பெண் பிள்ளைகள் பலர் எங்கள் ஊர்களைச் சேர்ந்தவர்கள், வீட்டில் உழைக்கிற ஒரே ஆளும் அவர்களாகவே இருப்பார்கள். மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பர் 13 அன்று சேர்ந்தது. சேர்ந்த நாட்டுக்கு உடன்படிக்கை நடைமுறைக்கு வந்ததில் இருந்து பத்து வருடத்துக்குள் எல்லாவற்றையும் அகற்றி முடிக்க வேண்டும், அதன்படி இலங்கைக்கு இருக்கிற தவணை 2028 ஜூன் 1. உங்கள் காணி அந்தப் பலகைக்கு அந்தப் பக்கம் இருந்தால் இந்தத் தேதி உங்களுக்கும் ஒரு தேதி. இதைச் சொன்னபோது ஒரு ஐயா சட்டைப்பையில் இருந்து பேனையை எடுத்து உள்ளங்கையில் தேதியை எழுதினார். காணி அவருடையது, அப்படி ஒரு தவணை இருப்பதே அவருக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

இரண்டாவது, டீசல். 2022 ஏப்ரலில் நாடு வெளிக்கடன் கட்டுவதை நிறுத்தியது, 2023 மார்ச்சில் நாணய நிதியத்தோடு ஏறக்குறைய 3 பில்லியன் டொலர் திட்டம் ஒன்று வந்தது. வரி வருமானத்தைக் கூட்டுவது அதில் முக்கியமான பேச்சு. 2024 ஜனவரி 1 முதல் பெறுமதி சேர் வரி 15இல் இருந்து 18 வீதமானது, அதுவரை விலக்கு இருந்த டீசலுக்கும் உரத்துக்கும் அது விழுந்தது. உழவு இயந்திரத்துக்கு டீசல் அடிக்கிறவருக்கு, நாணய நிதியம் இருக்கிற வோஷிங்டன் தூரம் என்று யார் சொன்னது?

மூன்றாவது, கடல். இந்தியாவும் இலங்கையும் 1974இலும் 1976இலும் கடல் எல்லையைக் கீறின. கோடு போட்டவர்கள் டெல்லியிலும் கொழும்பிலும் இருந்தவர்கள். மீன்பிடிக்கிற சனத்தை, இராமேஸ்வரத்தாரையோ மன்னாராரையோ, யாரும் கூப்பிட்டு இருத்திக் கேட்கவில்லை. ஐம்பது வருடம் போயும் இரணைதீவுப் பக்கம் இரவில் இந்திய இழுவைப்படகு வந்து வலையை அறுத்துக்கொண்டு போவது நிற்கவில்லை. இழுவைமடித் தொழிலை இலங்கை 2017இல் சட்டம் போட்டே தடை செய்தது, ஆனால் சட்டம் கடல் எல்லையோடு நின்றுவிடுகிறது. அதற்கு முந்தி, 2014இல் சென்னையிலும் கொழும்பிலும் இரு பக்கத்து மீனவரும் நேரில் இருந்து பேசினார்கள். முடிவு வரவில்லைதான். ஆனாலும் கடல் தெரிந்தவன் கடல் தெரிந்தவனோடு கதைத்த பேச்சு அது, அந்த வித்தியாசம் இருக்கிறது.

எங்கள் சனத்துக்கு இதெல்லாம் விளங்குமா?

இந்தக் கேள்வியைச் சனம் கேட்பதில்லை. படித்த ஆக்கள்தான் கேட்கிறார்கள். கொஞ்சம் கோபத்தோடுதான் பதில் சொல்கிறேன்.

கிளிநொச்சி இரணைமடுக் குளத்துச் சிறுபோகக் கூட்டத்துக்கு, அதாவது கோடைகால நெல் விதைப்புக்கு முந்திய கூட்டத்துக்கு, போயிருக்கிறீர்களா? குளத்தில் இத்தனை அடி தண்ணீர் நிற்கிறது, இத்தனை ஏக்கருக்குத்தான் காணும் என்று பொறியியலாளர் சொல்வார். அதற்குப் பிறகு அந்த ஏக்கரை எல்லாக் கமக்காரருக்கும் எப்படிப் பிரிப்பது, எந்தத் தேதியில் திறப்பது, எந்தத் தேதியோடு பூட்டுவது, சொன்ன அளவுக்கு மேலே களவாக விதைத்தவனை என்ன செய்வது, மாடு விட்டவனுக்கு என்ன தண்டம். சத்தம் போடுவார்கள், கதிரையைத் தள்ளிவிட்டு எழும்புவார்கள், திரும்ப வந்து இருப்பார்கள், கடைசியில் ஒரு முடிவோடு போவார்கள். குறைவாக இருக்கிற பொதுச் சொத்தைப் பலர் சேர்ந்து பங்கிடுவது, ஏமாற்றுகிறவனைப் பிடிப்பது, பிடித்த பிறகும் அவனோடு ஒரே ஊரில் இருப்பது. காலநிலை மாநாட்டில் இரண்டு கிழமை இருந்து செய்யப் பார்க்கிற வேலையும் இதுதான், அங்கே குளிரூட்டி இருக்கிறது.

ஒரு தடவை நான் விளக்கப்படம் எல்லாம் கீறிக்கொண்டு போய், எந்த நாடு எவ்வளவு புகை விடுகிறது, எவ்வளவு குறைக்க வேண்டும் என்று இருபது நிமிடம் வகுப்பெடுத்தேன். ஒரு சத்தம் இல்லை. பின்னுக்கு, சுவரோடு சாய்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த ஒரு அப்பு கேட்டார்: "அப்ப தம்பி, மேல்வாய்க்கால்காரன் இவ்வளவு காலமும் தன்ரை பாட்டுக்குத் தண்ணியை இறைச்சுப்போட்டு, குளம் வத்தினாப்பிறகு எல்லாரும் சரிசமனாக் குறையுங்கோ எண்டுறானோ?"

1992ஆம் ஆண்டுக் காலநிலை உடன்படிக்கையில் "பொதுவான, ஆனால் வேறுபட்ட பொறுப்புகள்" என்று ஒரு கோட்பாடு இருக்கிறது, முப்பது வருடத்துக்கு மேலாக நாடுகள் அதன் மேல்தான் சண்டை பிடிக்கின்றன. அப்பு அதை ஒரே வசனத்தில் முடித்துவிட்டார். நான் படத்தைச் சுருட்டி வைத்துவிட்டேன், அதற்குப் பிறகு எந்தக் கூட்டத்துக்கும் கொண்டுபோனதில்லை.

எங்களைக் கேட்டு எதாவது மாறியிருக்கா? உண்மையைச் சொல்லுங்கோ.

கொஞ்சம். மூன்று கதை சொல்கிறேன், மூன்றும் மூன்று விதம்.

ஆசிய அபிவிருத்தி வங்கிக் கடனில் யாழ்ப்பாணம் கிளிநொச்சி நீர் வழங்கல் திட்டம் வந்தபோது, இரணைமடுவில் இருந்து யாழ்ப்பாணத்துக்குக் குடிதண்ணீர் கொண்டுபோவதுதான் முதல் யோசனை. கிளிநொச்சிக் கமக்காரர் அமைப்புகள் மறித்தன. சிறுபோகத்துக்கே காணாத குளத்தில் இருந்து குழாய் போட்டால் நாங்கள் எங்கே போவது என்பது அவர்களின் கேள்வி. இழுபட்டு இழுபட்டு, கடைசியில் கடல்நீரை நன்னீராக்கும் திட்டம் வந்தது, 2024 ஓகஸ்ட்டில் தாளையடியில் திறந்தார்கள். இதை வெற்றிக் கதையாகச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், எனக்கு அவ்வளவு சந்தோஷம் இல்லை. யாழ்ப்பாணத்துக் கிணறுகளில் நைத்திரேற்று ஏறிக் கிடக்கிறது, அங்கே தண்ணீர் கேட்டவர்களும் எங்கள் சனம்தான். ஒரே தண்ணீருக்கு இரண்டு ஊர்ச் சனம் வருடக்கணக்காகப் பகைத்துக்கொண்டு நின்றதற்குக் காரணம், திட்டம் கீறுகிற நாளில் இரண்டு பக்கத்தையும் ஒரு பாயில் இருத்திக் கேட்காததுதான். மறிக்கிற உரிமை கடைசியில் கிடைத்தது. யோசிக்கிற நேரத்தில் கூப்பிட்டிருந்தால் மறிக்க வேண்டி வந்திருக்காது.

இரண்டாவது கதையைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை, ஆனால் இதைச் சொல்லாமல் வன்னியில் ஐ.நா. என்ற சொல்லையே எடுக்க ஏலாது. 2008 செப்டெம்பரில் அரசாங்கம் வெளியேறச் சொன்னதும் ஐ.நா. அமைப்புகள் கிளிநொச்சியை விட்டுப் போயின. சனம் அலுவலக வாசலில் நின்று போகாதேயுங்கோ என்று கேட்டது. போனார்கள். அதற்குப் பிறகு மே 2009 வரை நடந்ததை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2012 நவம்பரில் சார்ள்ஸ் பெட்ரி தலைமையில் ஐ.நா. தானே நடத்திய உள் விசாரணை அறிக்கை வெளிவந்தது, நிறுவனம் அமைப்பு ரீதியாகவே தவறிவிட்டது என்று எழுதினார்கள். அதில் இருந்து, மனித உரிமையை முன்னுக்கு வைக்க வேண்டும் என்று தங்கள் ஆட்களுக்குப் புதிய நடைமுறை ஒன்றை 2013இல் கொண்டுவந்தார்கள். வாசலில் நின்ற சனத்தின் குரல் நாலைந்து வருடம் கழித்து, வேறு நாட்டுச் சனத்துக்காவது உதவட்டும் என்று ஒரு தாளில் ஏறியது. இதை மாற்றம் என்று சொல்வதா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

மூன்றாவது, மேலே சொன்ன மிதிவெடி உடன்படிக்கை. அதை அரசுகள் தொடங்கவில்லை. 1992இல் ஆறு தொண்டு நிறுவனங்கள் சேர்ந்து தொடங்கிய இயக்கம், கால் இழந்தவர்கள் மேடையேறிப் பேசிய இயக்கம், 1997இல் உடன்படிக்கை ஆனது. அதே வருடம் அந்த இயக்கத்துக்கு நோபல் பரிசும் கிடைத்தது.

மகஜர் குடுத்துக் குடுத்துக் கை ஓய்ஞ்சு போச்சு. இன்னொரு கூட்டம் என்னத்துக்கு?

நியாயமான கேள்வி. கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் அம்மாமார் போராட்டத்தைத் தொடங்கியது 2017 பெப்ரவரி 20. அதில் இருந்தவர்களில் பிள்ளையின் முகம் காணாமலேயே செத்தவர்கள் பலர். ஜெனிவாவில், ஐ.நா. மனித உரிமைப் பேரவையில், பொறுப்புக்கூறல் பற்றி 2015இல் இலங்கையே சேர்ந்து கொண்டுவந்த தீர்மானம் இருந்தது, 2020இல் அரசாங்கம் அதில் இருந்து விலகிக்கொண்டது. 2021 மார்ச்சில் இன்னொரு தீர்மானம், 22 நாடு ஆதரவு, 11 எதிர்ப்பு, 14 நடுநிலை, பக்கத்து வீட்டு இந்தியாவும் நடுநிலை. அதன் கீழ்தான் சாட்சியங்களைச் சேர்த்துப் பாதுகாக்கிற பிரிவு ஒன்றை அமைத்தார்கள். இதெல்லாம் நடந்தது பொய்யில்லை. ஆனால் ஒரு அம்மாவுக்கு இதை யார் வந்து சொன்னது? எத்தனை பேர் வாக்குமூலம் வாங்கிக்கொண்டு போனார்கள், எத்தனை பேர் திரும்பி வந்து "அம்மா, நீங்கள் சொன்னது இன்ன இடத்தில் இருக்கிறது" என்றார்கள்?

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். முந்தி நான் வேலை செய்த ஓர் அமைப்பு (பெயர் வேண்டாம்) ஒரு கிராமத்தில் நாள் முழுக்கக் கலந்துரையாடல் வைத்தது. சாப்பாட்டுப் பார்சல், வரவுத் தாள், படம் எடுப்பு, எல்லாம் ஒழுங்கு. இரண்டு வருடம் கழித்து அதே ஊருக்குப் போனபோது ஒரு அக்கா வீட்டுக்குள் போய் ஒரு வழவழப்பான புத்தகத்தை எடுத்து வந்தார். முழுக்க ஆங்கிலம். எட்டாம் பக்கத்தில் அவருடைய படம், கையில் பார்சலோடு. "தம்பி, இதிலை நான் என்ன சொன்னன் எண்டு போட்டிருக்கு?" என்று கேட்டார். வாசித்தேன். பங்குபற்றியோர் இந்த முயற்சியை மிகவும் வரவேற்றனர் என்று இருந்தது. அக்கா சிரித்தார். "நான் அண்டைக்கு வாயே திறக்கேல்லை. எனக்குப் பின்னேரம் பஸ் பிடிக்கிற யோசினை."

அன்றைக்குப் பிறகு நாங்கள் வைத்துக்கொண்ட விதி ஒன்றே ஒன்று. திரும்பிப் போக ஏலாத ஊருக்குக் கூட்டம் வைக்கப் போவதில்லை. பதில் இல்லை என்றால், பதில் இல்லை என்று சொல்லவாவது போக வேண்டும்.

கூட்டத்தை எங்கே, எப்படி வைப்பது?

மண்டபத்தில் வைத்தால் முன் கதிரையில் சங்கத் தலைவர், செயலாளர், பொருளாளர். பெண்கள் பின்னுக்குக் கதவோடு நிற்பார்கள், கதைக்க மாட்டார்கள். அதே பெண்களை ஒரு வீட்டு முற்றத்தில், பின்னேரம் மூன்று மணிக்கு, பாய் போட்டு இருத்திப் பாருங்கள். நுண்கடன் வட்டியில் தொடங்கி நாணய நிதியம் வரைக்கும் தாங்களே போவார்கள். எங்கள் பக்கத்தில் எத்தனையோ வீடுகளைப் பெண்கள் தனியாகத்தான் கொண்டு நடத்துகிறார்கள் என்பதால், அவர்கள் வர முடியாத நேரத்தில் வைத்த கூட்டத்தை நான் கூட்டமாகவே கணக்கெடுப்பதில்லை. காலையில் கூலி வேலை, பள்ளிக்கூடம் விடுகிற நேரம் ஓடவேண்டும், இருட்டினால் யானைப் பயம். மிஞ்சுவது மூன்றில் இருந்து ஐந்து மணி.

இருபது பேருக்கு மேல் வேண்டாம். ஒரு கூட்டத்துக்கு ஒரே விஷயம். காலநிலையும் கடனும் கடலும் ஒரே நாளில் என்றால் கடைசியில் எல்லோரும் வீட்டுத்திட்டம் பற்றித்தான் கதைப்பார்கள், அதிலும் பிழையில்லை. தேத்தண்ணியை நடுவில் கொடுங்கள், கடைசியில் கொடுத்தால் அதற்காகக் காத்திருந்த மாதிரி ஆகிவிடும். வரவுத் தாளில் அடையாள அட்டை இலக்கம் கேட்காதீர்கள், கேட்டால் ஏதோ நிவாரணம் வருகிறது என்று சனம் நினைக்கும், வராதபோது உங்களைத்தான் ஏசும்.

தமிழில் இந்தச் சொற்களை எப்படிச் சொல்வது?

அகராதிச் சொல்லை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். "ஆளுகை" என்றேன், ஒரு பெடியன் "ஆளுக்கு ஒரு கையோ?" என்றான். "நல்லாட்சி" என்றால் 2015இல் வந்த அரசாங்கத்தின் பெயர் அது என்று சிரிக்கிறார்கள். "பொறுப்புக்கூறல்" மட்டும் எங்கள் சனத்துக்கு நல்லாகத் தெரியும், கேட்டுக் கேட்டுப் பழகிய சொல். மற்றதெல்லாம் வசனமாகச் சொல்லிவிடுங்கள்: யார் முடிவெடுக்கிறது, யாருடைய காசு, பிழையாகப் போனால் யாரைக் கேட்பது. இந்த மூன்றையும் கேட்டால் போதும், கலைச்சொல் ஒன்றும் தேவைப்படாது.

ஐ.நா.வின் அலுவல் மொழிகள் ஆறு, தமிழ் அதில் இல்லை. ஆகவே எழுதி அனுப்பும்போது மொழிபெயர்க்கத்தான் வேண்டும். மொழிபெயர்த்ததைத் திரும்பத் தமிழில் சனத்துக்கு வாசித்துக் காட்டுங்கள். "பிள்ளை, நான் இவ்வளவு மரியாதையாச் சொல்லேல்லையே" என்று ஒரு அம்மா திருத்தியிருக்கிறார். திருத்தினோம்.

அரசியல் ஆகிவிடாதா? ஆராவது வந்து விசாரிக்க மாட்டினமோ?

வந்திருக்கிறார்கள். சீருடை இல்லாமல் இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் வந்து, யார் காசு, என்ன கூட்டம், போன் நம்பர் என்ன என்று கேட்டதுண்டு. பயமில்லை என்று நான் வீரம் பேச மாட்டேன். நாங்கள் செய்வது இவ்வளவுதான்: கிராம அலுவலருக்கு முன்கூட்டியே ஒரு கடிதம், கூட்டத்தில் பெயர் எழுதாத குறிப்பு, கேட்காமல் படம் இல்லை. காணாமல் போனவர்கள் பற்றியோ காணி பற்றியோ சொல்ல விரும்புகிறவர் இருந்தால் கூட்டத்தில் சொல்ல வைக்காதீர்கள். அது தனியாக, அதற்குப் பழகிய ஆட்களோடு, அவர் விரும்பிய நேரத்தில் நடக்க வேண்டியது.

கட்சிக்காரர் வந்தால் இருக்கச் சொல்லுங்கள், பாயில். ஒலிவாங்கி மட்டும் கொடுக்காதீர்கள்.

கதைத்ததை எங்கே அனுப்புவது?

இங்கேதான் கனபேர் பிழை விடுகிறார்கள். ஐ.நா. செயலாளர் நாயகத்துக்கு ஒரு மகஜர் என்றால் கை தட்டுவதற்கு நல்லது, தாளுக்குக் கதவு கிடையாது. கதவு இருக்கிற இடங்களைச் சொல்கிறேன்.

முதலாவது கதவு உள்ளூரிலேயே இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். ஏன் கேட்கிறாய் என்று யாரும் உங்களைக் கேட்க முடியாது. தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். கனபேருக்குத் தெரியாத இரண்டு விஷயம் அதில் இருக்கிறது. வெளிநாட்டு அரசுகளிடமோ சர்வதேச அமைப்புகளிடமோ பெருமளவு காசு வாங்கிப் பொதுச்சேவை செய்கிற அரசசார்பற்ற நிறுவனங்களிடமும், அந்தச் சேவை பற்றித் தகவல் கேட்கலாம். அதாவது உங்கள் ஊரில் படம் எடுத்துக்கொண்டு போனவர்களிடமும் கேட்கலாம். இரண்டாவது, ஒரு இலட்சம் டொலருக்கு மேற்பட்ட வெளிநாட்டு நிதித் திட்டம் என்றால், தொடங்குவதற்கு மூன்று மாதம் முன்பே அந்த விவரத்தைப் பொதுமக்களுக்கு அறிவிக்க வேண்டியது அமைச்சரின் கடமை. சட்டம் சொல்கிறது. ஊர் விளம்பரப் பலகையில் அப்படி ஒன்றை நான் இன்னும் காணவில்லை, ஆகவே கேளுங்கள்.

அடுத்தது வங்கிகள். உலக வங்கிக் காசிலோ ஆசிய அபிவிருத்தி வங்கிக் காசிலோ நடக்கிற வேலையால் உங்களுக்குப் பாதிப்பு என்றால், பாதிக்கப்பட்ட இரண்டு பேர் சேர்ந்தாலே முறைப்பாடு செய்யலாம். உலக வங்கியின் பரிசோதனைக் குழு 1993இல் இருந்து இருக்கிறது. ஆனால் முதலில் அந்த வங்கியின் அதிகாரிகளிடம் சொல்லியிருக்க வேண்டும், சொன்னதற்குச் சான்று கையில் இருக்க வேண்டும். ஆகவே வாய்ப்பேச்சாக முறையிடாதீர்கள், எழுதிக் கொடுத்து ஒரு பிரதியில் முத்திரை வாங்குங்கள். எங்கள் சனத்துக்கு இந்தப் பழக்கம் இருக்கிறது, இடம்பெயர்ந்த காலத்துத் துண்டுகளையே இன்னும் பொலித்தீன் பையில் வைத்திருக்கிற சனம் நாங்கள்.

ஜெனிவாவில் ஒவ்வொரு நாட்டையும் நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை மற்ற நாடுகள் இருத்திக் கேள்வி கேட்கின்றன. இலங்கையைக் கடைசியாகக் கேட்டது 2023 பெப்ரவரி, அது நாலாவது சுற்று. உலகளாவிய காலமுறை மீளாய்வு (UPR) என்கிற இந்த மீளாய்வுக்கு முன் யாரும் அறிக்கை அனுப்பலாம், பதிவு செய்த அமைப்பாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. தனியாக அனுப்பினால் 2,815 சொல்லுக்குள், பலர் சேர்ந்து அனுப்பினால் 5,630 சொல்லுக்குள். சொல்லை எண்ணுவார்கள், கூடினால் எடுக்க மாட்டார்கள். பல மாதம் முன்பே தவணை முடிந்துவிடும் என்பதால், செய்தியில் கேள்விப்பட்ட பிறகு எழுதத் தொடங்கினால் பிந்திவிடும். அடுத்த சுற்றுக்கு இப்போதே ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

தனி ஆள் முறைப்பாடு செய்கிற வழியும் இருக்கிறது. குடியியல், அரசியல் உரிமை உடன்படிக்கையின் கீழ் இலங்கை 1997இல் அதற்குச் சம்மதித்தது. 2006இல் எங்கள் உயர் நீதிமன்றம், அந்தச் சம்மதம் அரசியலமைப்புக்கு ஒத்துவராது என்று தீர்ப்பளித்துவிட்டது. ஆகவே அந்த முறைப்பாடுகளைப் பார்க்கிற ஐ.நா. மனித உரிமைக் குழு தன் முடிவைச் சொல்லும், அது கொழும்புக்கு வந்தவுடன் வாசலில் நிற்கும். இதை மறைத்துவிட்டு ஆசை காட்டாதீர்கள்.

பிரதேச சபை, மாகாண சபை ஊடாகப் போகக் கூடாதா?

போகலாம், போகவும் வேண்டும். வடக்கு மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது, அதற்குப் பிறகு தேர்தல் இல்லை. உள்ளூராட்சித் தேர்தல் 2025 மே 6 அன்று நடந்தது, ஆகவே கரைச்சி, கரைதுறைப்பற்று, புதுக்குடியிருப்பு எல்லாவற்றிலும் நீங்கள் வாக்குப் போட்ட ஆட்கள் இருக்கிறார்கள். கூட்டத்தின் குறிப்பில் ஒரு பிரதி அவர்களுக்கு. உலகம் கேட்கவில்லை என்று சொல்கிற நாங்கள், சந்தியில் இருக்கிற சபையின் மாதாந்தக் கூட்டத்தை எட்டிப் பார்த்திருக்கிறோமா என்று என்னையே ஒரு தடவை கேட்டார்கள். பார்த்ததில்லை. இப்போது போகிறேன்.

வேறு நாடுகளில் இப்படிச் செய்கிறார்களா?

செய்கிறார்கள். 2021 கிளாஸ்கோ காலநிலை மாநாட்டை ஒட்டி உலகப் பேரவை என்று ஒன்று நடந்தது. உலக வரைபடத்தில் சனத்தொகைக்கு ஏற்றபடி நூறு புள்ளிகளைக் குலுக்கலில் எடுத்து, அந்தந்த இடத்தில் ஒரு சாதாரண ஆளைத் தேர்ந்து, நூறு பேரை இணையத்தில் வாரக்கணக்காகப் பேச வைத்தார்கள். எழுத வாசிக்கத் தெரியாதவர்களும் இருந்தார்கள், மொழிக்கு ஆள் வைத்தார்கள். நல்ல யோசனை. எனக்கு இருக்கிற குறை, நூறு புள்ளி என்றால் வன்னிக்கு ஒரு புள்ளி விழுவதற்கு எத்தனை தலைமுறை காத்திருப்பது என்பதுதான். அவர்களே சொன்னார்கள், விரும்பின ஊரும் தங்கள் பாட்டில் கூடிக் கதைத்து முடிவை அனுப்பலாம் என்று. குலுக்கலுக்குக் காத்திருக்கத் தேவையில்லை.

மன்னாரில் காற்றாலை வேண்டாம் என்கிறார்கள். பசுமை மின்சாரம் உலகத்துக்கு நல்லதுதானே?

நல்லதுதான். மன்னார்த் தீவில் முதல் காற்றாலைப் பண்ணை ஆசிய அபிவிருத்தி வங்கிக் கடனில் 30 கோபுரத்தோடு 2020 டிசம்பரில் திறந்தது. கோபுரத்துக்குப் பாதை போட்டு வெள்ளம் ஓடுகிற வழி அடைபட்டது என்று சனம் சொல்கிறது, வலசை வருகிற பறவைகளுக்கும் அந்தத் தீவுதான் தங்குமிடம். உலகத்துக்கு நல்லது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு தீவு வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பதை நான் ஏற்கவில்லை. அதற்காகக் காற்றாலையே கூடாது என்றும் சொல்ல மாட்டேன். எத்தனை, எங்கே, வெள்ளம் எந்தப் பக்கத்தால் போகும், மின்சாரத்தில் தீவுக்கு என்ன பங்கு? இந்த நாலையும் கடைசி நாளில் கேட்டால் போராட்டம், முதல் நாளில் கேட்டால் கூட்டம்.

இளம் ஆக்கள் வருகினமில்லையே?

கூட்டத்துக்கு வர மாட்டார்கள், விட்டுவிடுங்கள். கரப்பந்து விளையாடி முடிகிற நேரம் மைதானத்துக்குப் போங்கள். பாதிப் பேருக்கு வெளிநாடு போகிற யோசனை, ஆகவே விசா, அகதி, கடவுச்சீட்டு என்று அவர்களுக்கு உலக விதி எங்களைவிடத் தெரியும்.

செலவுக்குக் காசு?

தேயிலை, சீனி, பிஸ்கட், பெற்றோல். ஊருக்கு இரண்டாயிரம் மூவாயிரம் ரூபாய்க்குள் முடித்திருக்கிறோம். பெரிய காசு வந்தால் பெரிய பதாகையும் வரும்.

எந்த மாதத்தில் வைப்பது நல்லது?

புரட்டாதி, ஐப்பசியில் வேண்டாம், விதைப்பு நேரம், ஒருத்தரும் வர மாட்டார்கள். கார்த்திகை, மார்கழியில் மழை, ஒழுங்கை எல்லாம் சகதி, அதோடு கார்த்திகைக் கடைசியில் சனத்தின் மனம் வேறு இடத்தில் இருக்கும். தையில் அறுவடை. வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் திங்களை விட்டு வையுங்கள். நெல் வித்துக் கையில் கொஞ்சம் காசும், சிறுபோகக் கூட்டத்துக்கு முந்திய ஓய்வும் இருக்கிற மாசிக் கடைசி, பங்குனிதான் தோது. நாங்கள் அடுத்து ஒட்டுசுட்டான் பக்கம் போகிறோம். போன பங்குனியில் அங்கே எழுதி எடுத்த ஆறு கேள்வியில் இரண்டுக்குப் பதில் வந்திருக்கிறது, இரண்டுக்குத் தர முடியாது என்று கடிதம் வந்திருக்கிறது, இரண்டுக்கு ஒன்றுமே வரவில்லை. ஆறையும் கொண்டுபோகிறோம்.